கடைசிப் பத்தடி

முதன்முதலாக ஆயிரம் அடி உயரத்துக்குப் போனபோது கந்தப்பன் கதவோரமாகக் கீழே எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்.

"அடேங்கப்பா! இத்தன ஆழத்துக்கா நான் மோட்டார் எறக்கிட்டு இருந்தேன்?"

பின் சீட்டில் இருந்த ஹாரிகாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். முதல் நாள் மேலே வருகிறவர்கள் எங்க ஊடு தெரியுது, எங்க மில்லு தெரியுது என்பார்கள். சிலர் சாமியைக் கூப்பிடுவார்கள். உயரத்தைப் பார்த்து ஆழம் என்று சொன்ன ஆளை அவள் அதுவரை கண்டதில்லை.

கந்தப்பனுக்கு வேறு கணக்குத் தெரியாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, போர்வெல்லுக்குள் மோட்டார் இறக்கி ஏற்றும் வேலைக்கு வந்தவர். முப்பத்தைந்து வருடமாகக் குனிந்தே வேலை. வெள்ளகோவிலைச் சுற்றி அவர் கை படாத போர்வெல் குறைவு. ஆரம்பத்தில் இருநூறு அடியில் தண்ணீர் இருந்தது. அப்புறம் அறுநூறு. இப்போது ஆயிரத்து இருநூறு. குழாய் ஒன்று இருபது அடி. ஒன்றோடு ஒன்று பூட்டி, மோட்டாரை அடியில் தொங்கவிட்டு, குழாய் குழாயாக இறக்க வேண்டும். இறக்கும்போது அவர் உள்ளங்கையைக் குழாயின் மேல் வைத்துக்கொண்டு நிற்பார். கீழே எங்கேயோ இருட்டில் மோட்டார் பாறையை உரசினால் அது அவர் கைக்கு வந்துசேரும். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு ஒரு பொருளைப் பூப்போல அனுப்பிவைப்பதுதான் தொழில்.

அப்படிப்பட்ட ஆள் விமானத்துக்கு வந்ததும் ஒரு மோட்டாரால்தான். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் கிருபாசங்கருக்கு வெள்ளகோவிலுக்குத் தெற்கே தோட்டம் உண்டு. தோட்டத்துக்குப் பக்கத்திலேயே நீளமாக, புல் படர்ந்த ஒரு மண் ஓடுபாதை. நாலைந்து சிநேகிதர்கள் சேர்ந்து அங்கே சின்னதாக ஒரு பறக்கும் கிளப்பு நடத்தினார்கள். தோட்டத்து மோட்டார் புகைந்துபோய்க் கந்தப்பனைக் கூப்பிட்டார்கள். மத்தியானம் வெயிலுக்கு ஒதுங்க அவர் ஒரு தகரக் கொட்டகைக்குள் போனார். உள்ளே அது நின்றுகொண்டிருந்தது.

எழுபத்தைந்து வயது தாண்டிய விமானம். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே துணி போர்த்திச் சாயம் பூசியிருந்தது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். முன்பக்கம் இரண்டு சக்கரம், வாலுக்கு அடியில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு குட்டிச் சக்கரம். வாலைத் தரையில் ஊன்றி மூக்கைத் தூக்கிக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது. கந்தப்பன் பழக்கத்தில் அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். வெளியே அடித்த காற்று துணியில் நடுங்கி அவர் கைக்கு வந்தது. தண்ணீர் ஓடுகிற குழாயில் கை வைத்த மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, கூட வேலை செய்யும் யாகூப் வந்து தோளைத் தட்டும்வரை அவருக்கு வெயில் தணிந்தது தெரியவில்லை.

அன்று சாயங்காலமே கிருபாசங்கரிடம் கேட்டுவிட்டார். "ஏனுங்க, அத ஓட்டறதுக்கு நான் கத்துக்கலாமுங்களா?"

கிருபாசங்கர் சிரித்தார். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. "கத்துக்கலாமுங்க. பத்தாவது பாஸ் பண்ணியிருக்கோணும். டாக்டர் சர்டிபிகேட் வேணும்."

நாற்பத்தேழு வயதில் கந்தப்பன் பத்தாவது பரீட்சை எழுதினார். பரீட்சை ஹாலுக்குள் நுழைந்ததும் பசங்கள் எல்லாம் எழுந்து நின்று குட் மார்னிங் சார் என்றார்கள். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கணக்கில் மட்டும் இரண்டாவது தடவை. அப்புறம் கோயம்புத்தூர் போய்க் கண், காது, நெஞ்சு எல்லாம் காட்டிச் சர்டிபிகேட் வாங்கினார். கற்றுக்கொள்பவருக்கான லைசென்சு கைக்கு வந்தபோது அவருக்கு ஐம்பது முடிந்திருந்தது.

"இந்த வயசுல மத்தவங்க பழனிக்கு நடந்து போறாங்க" என்றாள் அவர் மனைவி புவனா. "நீங்க மேல போறீங்க. போங்க. திரும்பி வந்தாச் சரி."

திரும்பி வருவதில்தான் எல்லாம் இருந்தது.

மேலே ஏற்றுவது சுலபம். பறப்பதும் சுலபம். காலை ஆறு மணிக்குக் காற்று தூங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மேலே போனால் விமானம் அசையாது. ஊர்தான் மெள்ள அசைந்து அடியில் போகும். பனி விலகாத தென்னந்தோப்பு, செம்மண் காடு, கிளுவை வேலி பிரித்த மேய்ச்சல் பட்டி, அதற்குள் வெள்ளைப் புள்ளியாக மாடுகள், தூரத்தில் நின்றுபோன காற்றாலைகள். கந்தப்பனுக்கு எதுவும் ஞாபகத்தில் இருக்காது. இறங்கி வந்ததும் யாகூப் "மேல என்ன பாத்தே மாப்ளே?" என்று கேட்டால் யோசித்துப் பார்ப்பார். ஒன்றும் வராது. தூங்கி எழுந்த மாதிரி முகம் மட்டும் தெளிந்திருக்கும்.

இறக்குவது அப்படி இல்லை. இந்த மாதிரி வால்சக்கர விமானத்துக்குக் கனம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. தரையில் ஓடும்போது இம்மி கோணினாலும் வால் தலையை முந்தப் பார்க்கும். பாரம் ஏற்றிய டிரெய்லரை வேகமாகப் பின்னால் தள்ளுகிற மாதிரிதான். இரண்டு காலும் திசை திருப்பும் இரண்டு மிதியின் மேல் ஓயாமல் மெல்ல மெல்லப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தொடுவதற்கு முன்னால் முழங்கால் உயரத்தில் அதை நிறுத்த வேண்டும். விமானத்தை ஏற்றி இறக்கும் குச்சியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, தொட விடாமல், தொட விடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் பறக்க இனி வேகம் இல்லை என்று அதுவே அலுத்துப்போய் மூன்று சக்கரத்தையும் ஒன்றாக வைக்கும். அப்படி வைத்தால் சத்தமே வராது.

கந்தப்பனுக்குச் சத்தம் வந்தது. ஒருநாள் சத்தம் மட்டும் இல்லை, வேறும் வந்தது. கந்தப்பன் டிராக்டரும் ஓட்டியவர். அதில் இடப்பக்கச் சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலப்பக்கத்துக்கு ஒரு பிரேக். உழவுச் சாலின் முடிவில் ஒரு பக்கத்தை மிதித்தால் நின்ற இடத்திலேயே திரும்பும். இந்தப் பக்கத்தில் டிராக்டர் ஓட்டியவன் எவனுக்கும் அது ரத்தத்தில் ஊறியது. விமானத்திலும் குதிகாலுக்கு அடியில் அதே மாதிரி இரண்டு பிரேக். இறங்கி ஓடும்போது மூக்கு வலது பக்கம் போனது, கந்தப்பனின் குதிகால் உழவுக் காட்டில் திரும்புகிற ஞாபகத்தில் இடது பிரேக்கை ஓங்கி மிதித்தது. விமானம் ஒரு வட்டம் போட்டு, இறக்கை நுனியால் தரையைக் கீறிவிட்டு, வந்த திசையைப் பார்த்து நின்றது. புழுதி அடங்கியது.

"அண்ணா, இது காடு இல்லீங்ணா" என்றாள் ஹாரிகா.

கிழிந்த துணியைத் தைத்தது புவனாதான். வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவள். கிளப்பு என்ஜினியர் கொடுத்த துணியை, அவர் சொன்ன கணக்கில் அங்குலத்துக்கு இத்தனை தையல் என்று எண்ணிக் கையாலேயே தைத்துக் கொடுத்தாள். "ராத்திரியெல்லாம் ஒதைக்கறீங்க. இடது காலு, வலது காலு, இடது காலு. தூக்கத்துல எத்தன தடவ எறக்கறீங்களோ" என்று ஹாரிகா முன்னாலேயே சொன்னாள். கந்தப்பன் வேறு பக்கம் பார்த்தார். தூக்கத்தில் அவர் இறக்காத நாள் கிடையாது. தூக்கத்தில் ஒரு தடவையும் சத்தம் வந்ததில்லை.

பிரேக் பழக்கம் போய்விட்டது. வேறொன்று போகவில்லை. பத்தடி உயரம்வரை கந்தப்பன் சுத்தமாகக் கொண்டுவருவார். கடைசிப் பத்தடியில் கை தயங்கும். பின்னால் படித்த பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, அவங்க விமானம், அவங்க பாடம், நாம முந்திக்கொள்வது முறையா என்று ஒரு கூச்சம். "அம்மணி, நீங்க பண்றீங்களா?" என்று கேட்டுவிடுவார். ஹாரிகா கோயம்புத்தூர்க்காரி. வீட்டில் தெலுங்கு, வெளியில் இந்த ஊர்த் தமிழ். பெரியவர் கேட்கிறார், மறுத்துப் பேசுவது எப்படி என்று அவளுக்கும் கூச்சம். "நீங்களே பண்ணுங்ணா, நல்லாத்தான் வருது" என்பாள். விருந்து வீட்டில் இலை போட்ட பிறகு, நீங்க மொதல்ல உக்காருங்க, இல்லீங்க நீங்க மொதல்ல என்று இரண்டு பேர் நிற்பார்களே, அதே கதை. சோறு ஆறினால் பரவாயில்லை. இங்கே விமானம் அறுபது மைல் வேகத்தில் தரைக்கு வந்துகொண்டிருக்கும்.

வைகாசி மாதம் ஒரு திங்கட்கிழமை ஹாரிகா அந்தச் செய்தியைச் சொன்னாள். பெரிய விமானக் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். இந்தப் பழைய விமானத்தில் கற்றுக்கொடுக்கச் சுற்றுவட்டத்தில் வேறு ஆள் இல்லை.

"சனிக்கிழமைக்குள்ள நீங்க தனியா ஒரு ரவுண்டு போயிட்டு எறக்கிக் காட்டிட்டா நான் கையெழுத்துப் போட்டுருவேங்ணா. அப்புறம் பறந்து பழகிக்கலாம். இல்லாட்டி…"

"இல்லாட்டி என்னங்க அம்மணி?"

"கிருபாசங்கர் அண்ணா இத பெங்களூருக்கு அனுப்பற யோசனையில இருக்காருங். இந்தப் பழச ஓட்ட ஆளு இல்லாம எதுக்குக் கொட்டாயில வெக்கோணும்னு கேக்கறாரு."

கந்தப்பன் தலையாட்டினார். 

புதன்கிழமை காலை அது நடந்தது. இரண்டு தடவை சுமாராக இறக்கியாகிவிட்டது. மூன்றாவது தடவை ஓடுபாதைக்கு மேலே வந்தபோது பக்கவாட்டில் ஒரு காற்று வந்து தூக்கியது. விமானம் ஒரு முழம் எழும்பிற்று. ஹெட்செட்டில் ஹாரிகாவின் குரல் கேட்டது. "நான் புடிச்சுக்கட்டுங்களாண்ணா?"

"புடிச்சுக்கங்க அம்மணி" என்றார் கந்தப்பன். பிடியைத் தளர்த்தினார். ஆனால் குச்சியை ஒரேயடியாக விட்டுவிட்டால் மரியாதை இல்லை என்று இரண்டு விரல் மட்டும் அதன் மேல் இருந்தது.

அவர் அவ்வளவு சட்டென்று விட்டுக்கொடுத்ததைப் பார்த்து ஹாரிகாவுக்கு மனசு கேட்கவில்லை. "வேண்டாங்ணா, நீங்களே முடிங்க" என்று அவளும் தளர்த்தினாள். அவளுக்கும் இரண்டு விரல்.

"பரவால்லீங்க."

"இல்லீங்ணா, நீங்களே."

அதற்குப் பிறகு பேச்சில்லை. என்ஜின் உறுமாமல் முனகிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வேலி மெதுவாக நகர்ந்தது. புல்லின் நுனிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. கந்தப்பனுக்கு அந்த நேரம் நீண்டுகொண்டே போன மாதிரி இருந்தது. தான் கையை வைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது இதுதான் முதல் தடவை. அடடா, இந்தப் பிள்ளைக்கு எப்படிக் கை வருது பார் என்று நினைத்துக்கொண்டார். விமானம் தணிந்தது, தணிந்தது, இனி போதும் என்று மூன்று சக்கரத்தையும் ஒன்றாகப் புல்லில் வைத்தது. வைத்த இடம் தெரியவில்லை. நேராக ஓடி, வேகம் குறைந்து, நின்றது.

"அண்ணா!" ஹாரிகாவின் குரலில் சந்தோஷம் பொங்கிற்று. "இத்தன நாள் இத எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? என்னமா எறக்கறீங்க!"

"நானுங்களா?" கந்தப்பன் திரும்பிப் பார்த்தார். "நீங்கதானுங்களே அம்மணி எறக்குனது?"

"நான் எங்கங்ணா எறக்கினேன்? நீங்க…"

அவள் பாதியில் நிறுத்தினாள். என்ஜின் மட்டும் டக்டக் என்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அவரவர் இரண்டு விரலைப் பார்த்தார்கள். ஹாரிகா என்ஜினை நிறுத்தினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருமே எறக்கலீங்ணா" என்றாள் மெதுவாக. "அதுவே எறங்கிடுச்சு."

ஓடுபாதை ஓரம் நின்ற யாகூப் கையைத் தட்டிக்கொண்டே வந்தான். "மாப்ளே! இன்னைக்குத்தான்டா நீ பைலட்டு!" 

அடுத்த நாள் வியாழக்கிழமை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று விடியற்காலையிலேயே அடிக்க ஆரம்பித்துவிட்டது. பறக்க முடியாது. கந்தப்பன் வேலைக்குப் போய்விட்டார். காங்கேயம் ரோட்டில் ஒரு தோட்டம், ஆயிரத்து நூறு அடி. பத்து மணிக்கு ஹாரிகா ஸ்கூட்டரில் அங்கே வந்து நின்றாள். தனியாக விட முடியாது என்று நேரில் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். இரவெல்லாம் யோசித்து எடுத்த முடிவு. கடைசிப் பத்தடியில் அடுத்தவரைத் தேடுகிற ஆளைத் தனியாக மேலே அனுப்பினால் அங்கே யாரைத் தேடுவார்?

வேலை நடந்துகொண்டிருந்தது. நாற்பது குழாய் இறங்கியிருந்தது. மூன்று கால் நட்டு, அதில் செயின் தொங்கவிட்டு, யாகூப் செயினைப் பிடித்திருந்தான். இன்னும் இரண்டு பேர் குழாய் பூட்டினார்கள். நடுவில் கந்தப்பன் குழாயில் கையை வைத்துக் கண்ணை மூடி நின்றார்.

"விடு. விடு. விடு. நில்லு!"

எல்லாம் நின்றது. ஒருவன்கூட ஏன் என்று கேட்கவில்லை. தோட்டக்காரர், ஊரில் பெரிய மனிதர், பக்கத்தில் வந்து, "கந்தப்பா, கொஞ்சம் ஆட்டி எறக்குனா…" என்று ஆரம்பித்தார்.

"அக்கட்டப் போங்க" என்றார் கந்தப்பன், கண்ணைத் திறக்காமல். "கால் அங்குலம் மேல தூக்குடா யாகூப்பு. திருப்பு. ம். இப்ப விடு."

தோட்டக்காரர் ஒதுங்கிப் போய்விட்டார். பத்து நிமிடத்தில் மோட்டார் உரசாமல் அந்த இடத்தைக் கடந்துவிட்டது. அதுவரை அங்கே ஒரே ஒரு குரல்தான் கேட்டது. கந்தப்பன் யாரையும் கலந்து பேசவில்லை, யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்கூட்டரில் சாய்ந்து நின்ற ஹாரிகா, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள். விமானத்தில் தன் முன்னால் உட்காருகிற ஆள் இவர் இல்லை. இவரை அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

வேலை முடிந்து டீ வந்தது. தோட்டக்காரர் வீட்டில் இருந்து இரண்டு டம்ளர்தான் வந்தது. கந்தப்பன் ஒன்றை எடுத்து ஹாரிகாவிடம் நீட்டினார். "மொதல்ல நீங்க குடிங்க அம்மணி."

"நீங்க வேலை செஞ்சவங்க, நீங்க மொதல்ல…" என்று வாயில் வந்த பிறகு ஹாரிகா நாக்கைக் கடித்தாள். "இதாங்ணா. இதுதான் நம்மளக் கொல்லப் பாத்துச்சு."

டம்ளரை வைத்தே அங்கே பாடம் நடந்தது. கேட்கக் கூடாது, கொடுக்கக் கூடாது. பிடிக்கிறவர் 'நான் புடிச்சுட்டேன்' என்று சொல்ல வேண்டும். விடுகிறவர் 'உட்டுட்டேன்' என்று சொல்லிக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். வேறு ஒரு பேச்சும் வேண்டாம்.

"நான் புடிச்சுட்டேன்" என்று ஹாரிகா டம்ளரைப் பிடித்தாள்.

கந்தப்பன் கையை எடுக்கவில்லை. "சூடா இருக்குதுங்க அம்மணி, துணி வெச்சு…"

"அண்ணா!"

"உட்டுட்டேன்."

யாகூப் சிரித்துச் சிரித்துச் செயினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "மாப்ளே, இருபது வருசமா என்னய மாட்டுக் கணக்கா வெரட்டறே. அதுல பாதி அந்தப் புள்ளைகிட்டக் காட்டு, போதும்."

"நீ சும்மா இர்ரா" என்றார் கந்தப்பன். ஆனாலும் டம்ளர் இப்படியும் அப்படியுமாக இருபது தடவை கை மாறியது. டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. யாரும் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காற்று ஓய்ந்தது. ஐந்து தடவை இறக்கினார்கள். ஒரு தடவை விமானம் துள்ளியது. பின்னால் இருந்து சத்தமே இல்லை. கந்தப்பனும் கேட்கவில்லை. துள்ளிய விமானத்தைப் பிடித்து, கொஞ்சம் என்ஜின் கொடுத்து, மறுபடி தணித்து வைத்தார். புதன்கிழமை பார்த்தது அவருக்குள் இருந்தது. கை வைக்காதபோது விமானம் எப்படித் தணிந்ததோ அதைத்தான் அவர் இப்போது கையால் தேடினார். அதை இழுத்துப் போட வேண்டியதில்லை. அது போகிற போக்கைத் தடுக்காமல் கூடவே போனால் போதும். உள்ளங்கைக்கு அது புது விஷயம் இல்லை.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு வானம் வெளுத்திருந்தது. ஒரு தடவை தானும் உடன் போய் இறக்கிப் பார்த்த பிறகு, ஓடுபாதையின் முனையில் ஹாரிகா பின் சீட்டில் இருந்து இறங்கினாள். சீட்டு பெல்ட்டைக் குச்சியில் சிக்காதபடி கட்டினாள்.

"பின்னால கனம் இருக்காது. சீக்கிரமா மேல போயிரும். எறங்கறப்ப சித்த மிதக்கும். பயந்துக்காதீங்க."

"எத்தன தடவங்க அம்மணி?"

"மூணு எறக்குங்க."

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கொட்டகைப் பக்கம் நடந்தாள். யாகூப்பும் புவனாவும் அங்கே நின்றார்கள். புவனா முந்தானையின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

விமானம் எறும்பு ஊர்வதுபோலக் கிளம்பிப் பாதி ஓடுபாதையிலேயே தரையை விட்டது. அந்த லேசு கந்தப்பனைத் திடுக்கிட வைத்தது. திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் யாரும் இல்லை. பெல்ட்டு மட்டும் மடியில் கை கட்டின மாதிரிக் கிடந்தது. ஆயிரம் அடியில் எல்லாம் நின்றுவிட்டது. அடியில் ஊர் இன்னும் எழுந்திருக்கவில்லை. எங்கேயோ ஒரு வீட்டில் இருந்து புகை நேராக, ஒரு நூல் மாதிரி மேலே வந்தது. கந்தப்பன் வாய்விட்டு ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று பிற்பாடு கேட்டபோது அவருக்கே தெரியவில்லை.

என்ஜினைத் தணித்தார். விமானம் சறுக்கி வந்தது. ஓடுபாதை நேராக விரிந்தது. ஐம்பது அடி. முப்பது. இருபது. அப்போது வேலிக்கு உள்ளிருந்து ஒரு ஆண் மயில் நிதானமாக நடந்து ஓடுபாதை நடுவுக்கு வந்தது. தோகையை இழுத்துக்கொண்டு நின்றது. பின்னாலேயே இரண்டு பெட்டை.

கொட்டகையில் ஹாரிகா ஓர் அடி முன்னால் வைத்தாள். கத்தினாலும் கேட்காது. கேட்டாலும் சொல்லக்கூடாது.

கடைசிப் பத்தடி. கந்தப்பனின் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. என்ஜினை முழுதாகக் கொடுத்தார். விமானம் உறுமிக்கொண்டு மயிலின் தலைக்கு மேலே தாவி எழுந்தது. மயில்கள் அலறிக்கொண்டு வேலிக்குள் ஓடின. அவர் மறுபடி ஒரு முழுச் சுற்றுப் போய், மறுபடி சறுக்கி வந்தார். ஹாரிகா சொன்ன மாதிரியே விமானம் மிதந்தது. மிதந்துகொண்டே போயிற்று. தொட விடாமல், தொட விடாமல் அவர் கூடவே போனார். அவசரம் ஒன்றும் இல்லை. நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தது. கால்கள் தானாக இடம் வலம் பேசிக்கொண்டன. எப்போது தொட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. புல் உரசுகிற சத்தம் கேட்டுத்தான் தரைக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்தது.

மெதுவாக ஓட்டிக் கொண்டுவந்து கொட்டகைக்கு எதிரில் நிறுத்தினார். ஹாரிகா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, இன்னும் இரண்டு என்று விரலால் சொன்னாள்.

கந்தப்பன் அவளைப் பார்க்கவில்லை. காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டிய துணிப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் தொங்கிக் கிடந்த பை மேற்கே இருந்து வயிற்றை நிரப்பிக்கொண்டு பக்கவாட்டில் எழும்ப ஆரம்பித்திருந்தது. தூரத்தில் ஒரு காற்றாலை சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் கை நீண்டு என்ஜின் சுவிட்சை அணைத்தது. விமானத்தின் மூக்கில் இருந்த விசிறி இரண்டு தடவை ஆடி நின்றது.

"என்னங்ணா?" ஹாரிகா ஓடி வந்தாள். "இன்னும் ரெண்டு இருக்குதுங்களே. நான் நாளைக்குக் கெளம்பறேன்."

"காத்துத் திரும்பிருச்சு அம்மணி. இன்னைக்கு இத்தோட போதும்."

அவள் துணிப்பையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் சொன்னது அனுமதி கேட்டது அல்ல. கெஞ்சினதும் அல்ல. கையெழுத்துக்கு ஒரு ரவுண்டே போதும், அவள் குறிப்பேட்டை எடுக்கப் போனாள்.

புவனா பக்கத்தில் வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்து, இருக்கிறாரா என்று பார்ப்பதுபோல ஒரு இழுப்பு இழுத்தாள். யாகூப் இரண்டு கையையும் விரித்து, "மயிலுக்கே வழி உட்டவன் நீதான்டா" என்றான்.

"வழி உடலைடா. அது நகரலை, நான் போனேன்" என்றார் கந்தப்பன்.

கொட்டகைக்குள் ஒரு தகர மேஜை. ஹாரிகா அவருடைய பறப்புக் குறிப்பேட்டைத் திறந்து வைத்தாள். ஒவ்வொரு வரியிலும் தேதி, விமானம், நேரம். 'ஓட்டியவர்' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை எல்லா வரியிலும் ஹாரிகாவின் பெயர். கற்றுக்கொள்பவர் கட்டத்தில் அவர் பெயர். அவள் இன்றைய தேதியை எழுதினாள். தனியாகப் போகத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் பேனாவை அவர் பக்கம் வைத்தாள்.

"அந்தக் கட்டத்த நீங்கதாங்ணா எழுதோணும். பேரு வேண்டாம். ஓட்டுனவரு நாமளே தனியா இருந்தா 'செல்ஃப்'னு எழுதறதுதான் வழக்கம்."

கந்தப்பன் விரலில் இருந்த எண்ணெயைப் பேன்ட்டில் துடைத்தார். பத்தாவது பரீட்சையில்கூடப் பேனாவை அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை. மேஜைமேல் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, கட்டத்தை விட்டு வெளியே போகாமல் அதை எழுதினார். எழுதி முடித்தும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. வெளியே காற்று பலமாக அடிக்க ஆரம்பித்திருந்தது, தகரம் அதிர்ந்தது, அவர் மை காய்கிறவரைக்கும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.